கவனக்குறைவு அல்ல

தூத்துக்குடியில் ஆகஸ்ட் மாதம் குடை விரித்து நடக்கிறவரைப் பார்த்தால் வெளியூர் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதலில் குடையை மேலே மடக்கும். பிறகு கம்பியை ஒடிக்கும். துணி மிச்சமிருந்தால் கடலுக்குக் கொண்டுபோகும். ஆகையால், சப்-இன்ஸ்பெக்டர் வேல்விழி அவர்களே, போன வருடம் நீங்கள் என் வீட்டுக்கு வந்து காற்றைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டதில் தவறில்லை. அன்று காற்று பலமாகத்தான் இருந்தது. நான் சொன்னதை எழுதிக்கொண்டீர்கள். டீ வேண்டாம் என்றீர்கள்.

உங்கள் அறிக்கையின் நகல் சென்ற வாரம் என் கைக்கு வந்தது. உமாராணியின் வலது கண் போனது விபத்து என்று முடித்திருக்கிறீர்கள். அதில் ஒரு வரி: ‘தொலைநோக்கியை இயக்கிய நயினார் என்பவரின் கவனக்குறைவால் சூரிய வடிகட்டித் தாள் சரியாக ஒட்டப்படாமல் காற்றில் பறந்துவிட்டது.’ அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்ற வரிகளைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை.

நான் துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருடம் டிராஃப்ட் சர்வேயராக இருந்தவன். கப்பலின் பக்கவாட்டில் எண்கள் எழுதியிருப்பார்கள். தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதை வைத்துத்தான் எத்தனை டன் நிலக்கரி இறங்கியது என்று முடிவு செய்வார்கள். தண்ணீர் நிற்காது, ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் நடுவைக் கண்தான் பிடிக்க வேண்டும். சிறுபடகில் நின்றுகொண்டு நான் சொன்ன எண்ணை எந்தக் கேப்டனும் மறுத்ததில்லை. கவனக்குறைவு என்ற சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் எழுதிய முதல் ஆள் நீங்கள்தான்.

1993-இல் ஒரு ரஷ்யக் கப்பலின் இரண்டாம் அதிகாரியிடமிருந்து நான்கு அங்குல லென்ஸ் தொலைநோக்கி ஒன்றை வாங்கினேன். அந்த வருடமே ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டேன். தனுசு மண்டலத்தில் இருக்கிறது. பட்டியல் எண் தவிர வேறு பெயர் அதற்குக் கிடையாது. அது வருடக்கணக்காக ஒரே பிரகாசத்தில் நிற்கும். பிறகு ஒருநாள், எந்த அறிகுறியும் காட்டாமல், தன் உடம்பிலிருந்து கிளம்பும் கரிப்புகையாலேயே மூடிக்கொண்டு சில வாரங்களில் மங்கிவிடும். எப்போது மங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உலகத்தில் அதை நாலைந்து பேர் பார்க்கிறோம். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஓர் எண் எழுதி, வெளிநாட்டில் இருக்கும் ஒரு சங்கத்துக்கு அனுப்புவோம். எண் கூடினால் ஒளி குறைவு என்று அர்த்தம். என்னுடையது பெரும்பாலும் 6.4. முப்பத்தொரு வருடம் எழுதியிருக்கிறேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை நீங்கள் கேட்டு எழுதிக்கொண்டீர்கள். இதைக் கேட்கவில்லை.

எங்கள் வானியல் மன்றத்தைத் தொடங்கியவனும் நான்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்ந்ததும் தருவைகுளம் போகிற வழியில் உப்பளத்து ஓரமாகக் கூடுவோம். என் தொலைநோக்கிக்கு முன்னால் வரிசை நிற்கும். வருகிறவர்கள் குழாயில் முட்டுவார்கள், கண்ணைச் சிமிட்டிக்கொண்டே தேடுவார்கள், நட்சத்திரம் நகர்ந்துவிடும். அதற்காக ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினேன். பார்க்க வருகிறவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் பின்தலையில் கை வைத்து, கண் சரியாக லென்சுக்கு மேல் வரும்படி முகத்தை நிறுத்துவேன். பிறகு ‘திற’ என்பேன். அதன் பிறகுதான் திறக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் அதிகாரியாக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் அதே முறை.

திறந்ததும் பெரும்பாலோர் ‘சூப்பர் சார்’ என்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. குழாய் வேறு பக்கம் திரும்பியிருந்த சமயத்திலும் சூப்பர் என்றவர்கள் உண்டு. உமாராணி மட்டும் அப்படிச் சொன்னதில்லை. மட்டக்கடைப் பக்கம் கயிறு, தார்ப்பாய், பெயிண்ட் விற்கிற கடை அவளுடையது. உடன்குடியிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். சோடாப்புட்டிக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருக்கிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. இடது கண் சிறு வயதிலிருந்தே சரியில்லை. வலது கண்தான் வேலை செய்கிற கண். ஒன்பது வருடம் வரிசையில் நின்று, ஒன்பது வருடமும் ஒரே பதிலைச் சொன்னாள்.

“தெரியல அண்ணாச்சி. நீங்க இருக்குன்னு சொல்லுதிய, எனக்கு வெறும் இருட்டுதான்.”

ஆனாலும் அடுத்த மாதம் வருவாள். பாய் விரிப்பாள், பிளாஸ்க்கில் டீ கொண்டுவருவாள். அவள் ஏன் வருகிறாள் என்று எனக்கு விளங்கியதில்லை. காது கேட்காதவர் கச்சேரிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் பாடுகிறவருக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் அந்தப் பெட்டியை வாங்கினாள். வெள்ளை நிறம். மூன்று லிட்டர் குக்கர் அளவு. கண் வைக்கிற இடமே அதில் கிடையாது. தரையில் வைத்து போனைத் தட்டினால், தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று அதுவே கண்டுபிடிக்கும், வானத்தை அதுவே அடையாளம் பார்க்கும், சொன்ன இடத்துக்குத் தானே திரும்பும். பத்து வினாடிக்கு ஒரு படம் எடுத்து, படத்தின் மேல் படமாக அடுக்கி, அரை மணி நேரத்தில் ஒரு கேலக்ஸியைக் கலரில் டேப்லெட்டில் காட்டும். மனிதன் செய்ய வேண்டியது சார்ஜ் போடுவது மட்டும். வானியல் என்ற சொல்லுக்கு அதில் வேலை இல்லை. கல்யாண வீட்டில் போட்டோகிராபர் எடுத்த ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, நான்தான் தாலி கட்டினேன் என்று ஒருவன் சொல்வது போன்றது அது.

மன்றத்தில் யாருக்கும் இது உறைக்கவில்லை. படகு என்ஜின் மெக்கானிக் ஜாய்சன் என்னிடம் பதினாறு வருடம் வரிசையில் நின்றவன். அவனே அன்று பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“அண்ணாச்சி, இங்கன வாங்க. உங்ககிட்ட பாக்கணும்னா கண்ண மூடு, மூச்ச அடக்குன்னு ஆயிரம் சட்டம். சர்ச்சுல நன்மை வாங்கக்கூட இவ்வளவு பயந்ததில்ல. இது பாருங்க, முறுக்குத் தின்னுக்கிட்டே கேலக்ஸி பாக்கலாம்.”

“அது நீ பாக்கல ஜாய்சா. அந்தப் பெட்டி பாக்கு. நீ பெட்டிய பாக்க.”

“யாரு பாத்தா என்ன அண்ணாச்சி, முறுக்கு என் வாயிலதான போகுது.”

எல்லாரும் சிரித்தார்கள். உமாராணி சிரிக்கவில்லை. டேப்லெட்டை மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் பிடித்து, விரலால் படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள் என்று ஜாய்சன் பிறகு சொன்னான். நான் கவனிக்கவில்லை. திரையைப் பார்த்து அழுகிறவர்கள் டி.வி. காலத்திலிருந்தே உண்டு.

அடுத்த மாதம் என் வரிசையில் நாலு பேர். அதற்கடுத்த மாதம் யாரும் இல்லை. அதற்காக நான் வருந்தினேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். எனக்கு அமைதி பிடிக்கும். இரண்டு மணி நேரம் யாரும் என்னிடம் பேசாமல் நின்றிருக்கிறேன். அது ஒரு நல்ல விஷயம்.

போன வருடம் ஆகஸ்ட் பத்தாம் தேதி வாக்கில், ஒரு மதியம், கடையைப் பூட்டிய நேரத்தில் உமாராணி என் வீட்டுக்கு வந்தாள். டேப்லெட்டைக் கையில் வைத்திருந்தாள்.

“அண்ணாச்சி, உங்க நட்சத்திரத்த நானும் எடுத்துப் பாத்தேன். தப்பா நெனைக்காதிய. உங்களுக்குத் துணையா ஒரு கணக்கு இருக்கட்டுமேன்னுதான்.”

“சரி.”

“ஜூலை ஆரம்பத்துலேருந்து அது மங்கிக்கிட்டே போகுது. இப்ப 10.1. நாப்பது நாளா பாக்கேன்.” டேப்லெட்டைத் திறந்தாள். “சங்கத்து வெப்சைட்டுல பாத்தேன், நீங்க அந்த நாப்பது நாளும் 6.4-ன்னு அனுப்பியிருக்கிய.”

திரையை என் முன்னால் வைத்தாள். வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நான் தலையசைத்தேன்.

“அண்ணாச்சி, இங்கன வட்டம் போட்டிருக்கேன் பாருங்க. எது உங்க நட்சத்திரம்?”

நான் ஓர் இடத்தில் விரலை வைத்தேன். அவள் டேப்லெட்டை மெதுவாக மூடிவைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எங்க மாமாவுக்கும் இப்படித்தான் அண்ணாச்சி. புரை. இருபது நிமிஷ ஆபரேஷன். சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டாவ. நான் கூட வாரேன். இத நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

நான் அவளுக்கு நன்றி சொன்னேன். கேட் வரை போய் வழியனுப்பினேன்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. 2018-லிருந்து என் கண்ணில் கொஞ்சம் மூட்டம் உண்டு. அதை நான் மறைக்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு நட்சத்திரத்தை இருபத்தைந்து வருடம் பார்த்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். குழாயை அந்த இடத்துக்குத் திருப்புவேன், கண்ணை வைப்பேன், பொறுத்திருப்பேன், எண் வரும். அதை எழுதுவேன். ஒரு நாளும் குழாயில் கண் வைக்காமல் எழுதியதில்லை. இதைப் பொய் என்று சொல்ல, ஒன்பது வருடம் இருட்டை மட்டுமே பார்த்த ஒருத்திக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நான் யோசித்தேன். அவள் பொய் என்று சொல்லவில்லை என்பதும் உண்மைதான். இரக்கப்பட்டாள். டிராஃப்ட் சர்வேயரிடம் வந்து வட்டம் போட்டு, எது நட்சத்திரம் என்று கேட்டாள்.

பத்தொன்பது நாள் அதைப் பற்றியே யோசித்தேன். கோபமாக அல்ல. நான் கோபப்படுகிறவன் இல்லை.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி எங்கள் ஊரில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். நட்டுவைத்த கம்புக்கு ஒரு நிமிடம் நிழல் இருக்காது. வருடத்தில் இரண்டு நாள் அப்படி உண்டு. கடற்கரைச் சாலைப் பூங்காவில் மன்றம் அதைக் கொண்டாடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். ஒரு பக்கம் என் தொலைநோக்கியில் சூரியப் புள்ளிகள் காட்டுவேன். அன்று இன்னொரு பக்கம், பந்தலுக்குக் கீழே, உமாராணியின் பெட்டியும் டேப்லெட்டும்.

என் லென்சுக்கு முன்னால் மாட்டுவது வெள்ளி நிறத்தில் ஒரு தாள், அட்டை வளையத்தில் ஒட்டியது. சூரிய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்குதான் அதைத் தாண்டி உள்ளே போகும். வளையத்தை மூன்று இடத்தில் டேப் போட்டுக் குழாயோடு ஒட்டுவேன். ஒவ்வொரு ஆளும் கண் வைப்பதற்கு முன்னால் என் உள்ளங்கையைக் கண் வைக்கும் இடத்தில் காட்டிப் பார்ப்பேன். தாள் விலகியிருந்தால் கை சுடும். சுடவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுவேன். முப்பத்தொரு வருடமாக ஒரு தடவைகூட இதைத் தவறவிட்டதில்லை. இதை நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால் அந்த வரியை எழுதியிருக்கமாட்டீர்கள்.

பதினொரு மணியிலிருந்து பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என்னிடம் பார்த்தார்கள். எல்லாருக்கும் கை காட்டிவிட்டுத்தான் விட்டேன். டேப் மூன்றும் ஒழுங்காக ஒட்டியிருந்தது. பன்னிரண்டு மணி பதினெட்டு நிமிடத்துக்கு எல்லாரும் கம்பைச் சுற்றிக் கூடினார்கள். நிழல் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போனது. ஜாய்சன் மைக்கில் எண்ணினான். கைதட்டினார்கள். அங்கிருந்து நேராகப் பந்தலுக்குப் போனார்கள். நிழல் இல்லாத நாளில் நிழலுக்கு ஓடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் தனியாக நின்றேன். அப்போது டேப்பை உரித்தேன். புதிதாக ஒட்டலாம் என்றுதான். வளையத்தைக் கையால் பிடித்திருந்தேன். உமாராணி பந்தலை விட்டு வெளியே வந்தாள். அவளை நான் கூப்பிடவில்லை.

“ஒங்ககிட்ட யாரும் இல்லையா அண்ணாச்சி? நான் பாக்கேன்.”

“ஒனக்கு எதுக்கும்மா, அங்கனதான் பெருசா தெரியுதே.”

“அது வேற, இது வேற அண்ணாச்சி. சூரியனாவது உங்க குழாயில தெரியுதான்னு பாப்போம்.” சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் பிடித்துக்கொண்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது வருடப் பழக்கம்.

தாளைக் காற்று கொண்டுபோனது என்று உங்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை. என் கையிலிருந்துதான் கொண்டுபோனது. வளையத்தைத் தூக்கி, விரல்களை விரித்தேன். அது இரண்டு முறை மின்னிவிட்டு மதில் தாண்டிப் போனது. என் கண்ணுக்கே அது நன்றாகத் தெரிந்தது.

பிறகு, எப்போதும் போல, உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன். சுட்டது. அந்த இடத்தில் இன்னும் பயறு அளவுக்கு ஒரு வட்டம் இருக்கிறது. கேட்கிறவர்களிடம் அடுப்பு என்று சொல்கிறேன்.

கையை எடுத்துவிட்டு அவள் பின்தலையைப் பிடித்தேன்.

“நல்ல கண்ண வைம்மா,” என்றேன்.

இமை மேல் சூடு விழுந்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் எங்கள் மன்றத்தில் நான் சொல்லாமல் யாரும் திறக்கமாட்டார்கள்.

“திற,” என்றேன்.

அவள் கூச்சலிடவில்லை. பின்னால் சாய்ந்து, ஸ்டூலிலிருந்து விழுந்து, எழுந்து உட்கார்ந்தாள். “அண்ணாச்சி, நடுவுல பச்சையா ஒரு பொட்டு நிக்கு. போகமாட்டேங்கு,” என்றாள். என்னிடம்தான் சொன்னாள். என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். வராந்தாவில் காத்திருந்தபோது, அங்கே டார்ச் வைத்துப் பார்க்கிற பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஐயா, உங்களுக்கு ரெண்டு கண்ணும் நல்லா முத்திப்போச்சு. பேர் குடுத்துட்டுப் போங்க,” என்றாள். சின்ன விஷயம்தான். குறிப்புக்காகச் சொல்கிறேன்.

உமாராணியின் கணவர் சிவப்பிரகாஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடையில் போட்டிருந்த சட்டையோடு வந்திருந்தார், கையில் பெயிண்ட் இருந்தது. நல்ல மனிதர்.

“அண்ணாச்சி, நீங்க மனச விட்றாதிய. காத்துக்கு யாரு என்ன செய்ய முடியும். அவ உள்ள படுத்துக்கிட்டு உங்களத்தான் கேக்கா, அண்ணாச்சி சாப்ட்டாவளான்னு.” கையைத் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தார். “ஏதோ ஒரு நட்சத்திர நம்பராம். வெளிநாட்டுக்கு அனுப்பணும்னு நாப்பது நாளா மாடியில உக்காந்து எடுத்தா. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டா. அண்ணாச்சி மனசு கஷ்டப்படுவாவன்னு.”

அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதையும் மறைக்க நான் இதை எழுதவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது. நாற்பது நாள் அளவுகளை ஒருத்தி அழித்துவிட்டாள். யாருடைய மனசுக்காகவோ. அளவு என்பது அளந்தவரின் சொத்து அல்ல. ஒருமுறை பார்த்ததை எழுத வேண்டும், எழுதியதை அழிக்கக்கூடாது. முதல் பாடமே அதுதான். அந்தப் பெட்டி வைத்திருக்கிறவர்களைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் சரி என்று அந்த வராந்தாவில் உறுதியாயிற்று.

அவளுடைய வலது கண்ணில் நடுப்பகுதி திரும்பவில்லை. கடையில் பெயிண்ட் கலக்கும் வேலையை இப்போது சிவப்பிரகாஷ் செய்கிறார். அவள் சும்மா இருப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். கண்ணே இல்லாமல் என்ன செய்வாள்? மூன்று மாதம் கழித்து மறுபடியும் அந்தப் பெட்டியை மாடிக்குக் கொண்டுபோனாள். பெட்டி பார்க்கிறது, கணக்குப் போடுகிறது, எண்ணைப் போன் வாய்விட்டுப் படிக்கிறது. இடது கண்ணின் ஓரத்தால் படத்தைப் பார்க்கிறாளாம். அவளுக்கு அந்தக் கண் தேவையே பட்டிருக்கவில்லை. இதில் ஒரு பாடம் இருக்கிறது, ஆனால் அதை யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

ஏப்ரலில் மறுபடியும் நிழல் இல்லாத நாள் வருகிறது. நேற்று அவள் போன் செய்தாள். “அண்ணாச்சி, நீங்க குழாயோட வரணும். நீங்க வராம அது நம்ம மன்றமே இல்ல. உங்க நட்சத்திரம் திரும்ப வெளிச்சமாகுது, தெரியுமா? விடியக்காலம் எந்திச்சுப் பாருங்க.” தெரியும் என்றேன். 6.4 என்று நேற்றும் எழுதி அனுப்பியிருந்தேன்.

ஆகவே, அறிக்கையைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். டேப் சரியாக ஒட்டியிருந்தது, நானே உரித்தேன். தாள் பறக்கவில்லை, நான் விட்டேன். கை சுடுகிறதா என்று முறைப்படி சோதித்தேன், சுட்டது, அதன் பிறகே திறக்கச் சொன்னேன். இதில் எந்த இடத்திலும் கவனக்குறைவு இல்லை. அதற்கு என்ன தண்டனை உண்டோ அதைக் கொடுங்கள், நான் மறுக்கப்போவதில்லை.

வழக்கு என்று வந்தால் என் நோட்டுப் புத்தகங்களையும் எடுத்துச் செல்வீர்கள். அலமாரியின் மேல்தட்டில் வருட வாரியாக இருக்கின்றன. அவற்றில் யாரையும் ஒரு திருத்தமும் செய்ய விடாதீர்கள். அதிலுள்ள எண்கள் முழுக்க, கடைசி ஏழு வருடமும் சேர்த்துத்தான், ஒரு மனிதன் தன் கண்ணால் பார்த்து எழுதியவை.